ஒப்புரவறிதலும் மாணவர் தொண்டும்

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று, இரண்டு ஆகிய வகுப்புகளில் பயிலும் மாணாக்கர் எழுதும் கட்டுரைகளுள் ஒருவகையைத் தமிழாசிரியர் அனைவரும் நன்கறிவர். 'முதியோர் இல்லத்தில் ஒருநாள்' என்றோ, 'நாங்கள் செய்த தொண்டு' என்றோ அது தலைப்புப் பெற்றிருக்கும். பள்ளியிலிருந்து பேருந்து புறப்படும். இல்லத்தின் பொறுப்பாளர் இன்முகத்தோடு வரவேற்பார். மாணவர் ஆடுவர்; பாடுவர்; பிஸ்கட்டுப் பொட்டலங்களும் பழங்களும் வழங்குவர். ஒரு மூதாட்டியின் கண்களில் நீர் பெருகும். 'என் உள்ளம் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கியது' என்னும் தொடரோடு கட்டுரை இனிதே நிறைவுறும்.

இத்தகைய கட்டுரையில் சந்திப்பிழை ஒன்றும் இல்லாதிருக்கலாம். மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைக்கலாம். ஆயினும் திறனாய்வு நோக்கோடு அதனைப் படிப்பார்க்குச் சில வினாக்கள் எழாமற் போகா. அம்மூதாட்டியின் பெயர் யாது? அவர் எவ்வூரிலிருந்து வந்தவர்? என்ன வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார்? அன்று எதற்காக அழுதார்? இவற்றுள் ஒன்றுக்கும் கட்டுரையில் விடை கிடைப்பதில்லை. அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அழுவதற்கென்றே கட்டுரைக்குள் அழைத்து வரப்பட்டு, அழுது முடித்ததும் மறைந்து விடுகிறார்.

இதனை எழுத்துத் திறனில் நேர்ந்த குறையாகக் கொண்டு, வருணனையும் உவமையும் கற்பித்துத் திருத்த முயல்வாரும் உளர். ஆனால் குறை எழுத்தில் இல்லை. மாணவன் உண்மையையே எழுதியிருக்கிறான். அவன் அந்த அம்மையாரிடம் பேசவில்லை. அதனால் கட்டுரையிலும் அவர் பேசவில்லை. தொண்டின் வழியாக மாணாக்கர் எதைக் கற்றனர், எதைக் கல்லாது விட்டனர் என்பதற்கு அவர்கள் எழுதும் கட்டுரையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. எனவே பள்ளிகளின் சமூகத் தொண்டுத் திட்டங்களை அவற்றின் எழுத்து விளைவைக் கொண்டே மதிப்பிடுதல் பொருத்தமாகும்.

ஈகையும் ஒப்புரவும்

பிறர்க்கு உதவுதல் பற்றிப் பேச வந்த திருவள்ளுவர் அதனை ஓர் அதிகாரத்தில் அடக்கிவிடவில்லை. 22 ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23 ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டியதில்லை. ஈகை என்பது இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. அதில் கொடுப்பார் மேலும் கொள்வார் கீழுமாக இரு நிலைகள் தாமே அமைந்து விடுகின்றன. ஒப்புரவோ ஊரோடு ஒன்றி வாழும் ஒருவன், அவ்வூரின் நடையறிந்து ஆற்றும் கடமை. அதனை விளக்க வள்ளுவர் மழையையும், ஊரார் நீருண்ணும் குளத்தையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், மருந்தாகப் பயன்படும் மரத்தையும் உவமை கூறுகிறார். ஊருணியில் நீர் மொள்பவள் எவர்க்கும் கடன்பட்டவள் அல்லள். அக்குளம் அவளுக்கும் உரியது. நாளை தூர் வாரும்போது அவள் வீட்டாரும் மண் சுமப்பர்.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. முன்னதன் பெயர் வெறுமனே ஒப்புரவு என்றில்லை. ஒப்புரவு 'அறிதல்' என்று அமைந்திருக்கிறது. யாருக்கு எது தேவை, அதனை எவ்வாறு செய்தால் அவர் உள்ளம் நோகாது என்பதை அறிந்த பின்னரே ஒப்புரவு கைகூடும். ஆகவே கல்வியோடு இயல்பாக இணையக் கூடியது ஒப்புரவே. பொட்டலம் வழங்குவதற்கு அறிவு தேவையில்லை. பொட்டலம் இருந்தால் போதும். பள்ளியின் தொண்டுத் திட்டம் கல்வியாக வேண்டுமாயின் ஈகை என்னும் நிலையிலிருந்து ஒப்புரவு என்னும் நிலைக்கு அது உயர்தல் வேண்டும்.

திட்டம் வளர்ந்த வரலாறு

செயலின் வழியே கற்றல் என்னும் கொள்கை புதியதன்று. 1937 ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். அம்மாநாடு கைத்தொழிலோடு சேர்த்து வலியுறுத்திய மற்றொரு கோட்பாடு, தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பது. உழைப்பும் தாய்மொழியும் அங்கே ஒருங்கே பேசப்பட்டன. அடுத்த ஆண்டில், 1938 இல், அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி தாம் வெளியிட்ட 'அனுபவமும் கல்வியும்' என்னும் பொருள்படும் நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடா என்றும், மேற்கொண்டு கற்பதற்குத் தடையாகும் அனுபவங்களும் உண்டு என்றும் எச்சரித்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992 இல், பள்ளியிறுதிச் சான்றிதழ் பெறுவதற்கு 75 மணி நேரச் சமூகத் தொண்டினை அல்லது அதற்கு ஈடான வட்டாரத் திட்டத்தினைக் கட்டாயமாக்கியது. அங்கே நடுநிலைப் பள்ளிப் பருவத்திலேயே அத்தொண்டு தொடங்கி விடுகிறது.

சிங்கப்பூரில் 1997 ஆம் ஆண்டு சமூக ஈடுபாட்டுத் திட்டம் தொடங்கப் பெற்றது. மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது அதன் விதி. 2012 இல், விழுமியங்களைச் செயலில் காட்டுதல் என்னும் பொருள்படும் புதிய பெயரோடு அத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. மணிக்கணக்கைவிட மாணவர் பெறும் பண்பே முதன்மையானது என்பதும், தொண்டுக்குப் பின் மாணவர் தாம் செய்ததைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும் என்பதும் அம்மாற்றத்தின் நோக்கங்கள். இவை பாராட்டுக்குரியன.

எனினும் கணக்கு எளிதில் மறைவதில்லை. 2014 இல் உயர்நிலைப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த இணைப்பாட மதிப்பீட்டு முறையில் 24 மணி, 30 மணி, 36 மணி எனத் தொண்டு படிநிலைகளாக அளக்கப்பட்டது. மேல்நிலைகளுக்கு, சமூகத்துக்குப் பயன்பட்ட திட்டங்களும் வேண்டப்பட்டன. அம்மதிப்பீடு மேற்கல்விச் சேர்க்கையில் 2 புள்ளிகள் வரை சலுகையும் தந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன் இதிலிருந்து என்ன விளங்கிக் கொள்வான்? தொண்டு என்பது சேர்த்து வைக்கத்தக்க ஒரு பொருள். முதியவர் அதனைச் சேர்ப்பதற்கு உதவும் ஒரு வாயில். அவன்மீது குற்றமில்லை. அளக்கப்படுவதையே பிள்ளைகள் மதிப்பர். கேட்ட சொற்களையும் அறிந்த மனிதர்களையும் அளப்பதற்குக் கருவியில்லாமையால் மணிகள் மட்டும் எண்ணப்படுகின்றன.

சிராங்கூன் சாலை கற்பிக்கும் பாடம்

குட்டி இந்தியா வட்டாரத்துக்கு மாணவர் பலமுறை அழைத்துச் செல்லப்படுகின்றனர். தேக்காச் சந்தையையும், சிராங்கூன் சாலையின் கோயில்களையும், 2015 இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தையும் அவர்கள் காண்கின்றனர். மாட்டு வாணிகம் இவ்வட்டாரத்தில் ஒருகாலத்தில் செழித்திருந்தது என்று குறிப்பெடுத்துக் கொள்கின்றனர். இவையெல்லாம் நன்றே. ஆனால் அதே தெருவில் அவர்கள் அருகே நின்று கோப்பி அருந்தும் முதியவர், அவர்தம் குறிப்பேட்டில் இடம்பெறுவதில்லை.

அம்முதியவரோ ஓர் ஏடு. தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவராக அவர் இருக்கலாம்; பிரிட்டிஷார் 1971 இல் விட்டுச் சென்ற கடற்படைத் தளத்தில் பணியாற்றியவராக இருக்கலாம். காலையுணவை அவர் 'பசியாறுதல்' என்பார். மலாய்ச் சிற்றூரைக் 'கம்பம்' என்பார். பணத்தை வெள்ளிக் கணக்கில் சொல்வார். மலாயும் தமிழும் அவர் நாவில் ஒன்றாய்ப் புழங்கும். பாடநூல்களில் அருகியே காணப்படும் இச்சொற்கள் இந்நாட்டுத் தமிழின் சொந்த உடைமைகள். அவற்றை அம்முதியவரிடமிருந்தே பெற முடியும். அவருக்குப் பின் பெற முடியாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இத்தகைய குரல்களைப் பதிவு செய்து வருகிறது. பள்ளி மாணவரும் தம் அளவில் அப்பணியின் ஒரு சிறு கூற்றைச் செய்தல் இயலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வட்டாரத்தில் கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர் மற்றோர் ஏடு. 2013 டிசம்பர் 8 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ்கோர்ஸ் சாலையருகே தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அகப்பட்டு உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அந்நிகழ்ச்சி நாட்டையே திடுக்கிடச் செய்தது. நாள்தோறும் கட்டடங்களை எழுப்பிக் கொடுத்தோரைப் பற்றி நகரத்தார் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தனர் என்பதனையும் அது புலப்படுத்திற்று. 2020 இல் கொவிட் நோய் பரவியபோது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தம் விடுதிகளை விட்டு வெளியேற முடியாது அடைபட்டனர். மருத்துவர் கேட்ட வினா தொழிலாளர்க்கு விளங்கவும், அவர் சொன்ன விடை மருத்துவர்க்கு விளங்கவும் தமிழும் வங்காளமும் அறிந்த தன்னார்வலர் மொழிபெயர்த்து உதவினர். தேர்வுத் தாளில் 40 மதிப்பெண்ணாகவும் 60 மதிப்பெண்ணாகவும் மட்டுமே கண்ட தமிழ், அந்நாளில் ஒரு நோயாளியின் நெஞ்சு வலியைக் கூறும் கருவியாயிற்று.

இத்தொழிலாளரை இரக்கத்துக்குரியோராக மட்டும் கருதுவதும் பிழையே. 2014 இல் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டியில் பின்னர்த் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றன. பகலெல்லாம் சாரத்தில் நின்று உழைத்தவர் இரவில் கவிதை எழுதுகிறார். அவர் முன்னே தமிழ் மாணவன் கொடையாளியாக நிற்பதைக் காட்டிலும், கற்பவனாக அமர்வதே தகும். அம்மாணவனுக்குச் சிங்கப்பூரின் பேருந்துத் தடமும், மருந்தகப் படிவமும், ஆங்கில அறிவிப்பும் தெரியும். தொழிலாளர்க்குத் தமிழ் தெரியும். ஒருவர்க்கு ஒருவர் கொடுத்தும் கொண்டும் பழகுவதே ஒப்புரவு.

தமிழுக்கு இதில் இடம் எங்கே?

பள்ளித் தொண்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வகுக்கப்படுகின்றன. ஆங்கிலத்திலேயே கலந்துரையாடப்பட்டு, ஆங்கிலத்திலேயே சிந்தனைக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. தமிழ் வகுப்புக்கு அது வந்து சேரும்போது தேர்வுக்குரிய கட்டுரைத் தலைப்பாக மட்டுமே வருகிறது. ஆங்கிலத்தில் நிகழ்ந்த அனுபவத்தைத் தமிழில் பெயர்த்தெழுத வேண்டிய மாணவன், மனப்பாடமான தொடர்களை நாடுவதில் வியப்பில்லை. மகிழ்ச்சிக் கடல் அவ்வாறே கட்டுரைக்குள் பெருக்கெடுக்கிறது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010 இல் 3.3 விழுக்காட்டினர், 2020 மக்கள் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காட்டினர். இல்லத்தில் தேயும் மொழிக்குப் பள்ளியில் பாட வேளை மட்டும் இருந்தால் போதாது. பேசுவதற்கு ஆளும், பேச வேண்டிய தேவையும் வேண்டும். தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005 இல் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்ததன் அடிப்படையும் இதுவே. தொண்டுத் திட்டமோ அத்தேவையைத் தானே கொண்டு வந்து தருகிறது. எதிரே அமர்ந்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. மாணவன் தமிழ் பேசியே ஆக வேண்டும். எந்தத் தேர்வும் தர இயலாத இக்கட்டாயத்தைத் தமிழாசிரியர் கைநழுவ விடலாகாது.

இந்நாட்டுத் தமிழர்க்கு இது முன்னறியாத வழியும் அன்று. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டியபோது, எளியோர் பலர் தந்த சிறுதொகைகளே அதற்கு வலிமையாயின. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் இளையோர்க்கு எழுத்துப் பயிற்சியையும் பொதுப்பணி ஆர்வத்தையும் சேர்த்தே ஊட்டியது. பிற்காலத்து எழுத்தாளர் பலர் அதன் விளைச்சல். 1946 இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, உழைக்கும் மக்கள் தம் பிள்ளைகளுக்காகத் தாமே தாங்கிய நிறுவனம். 1982 இல் அப்பள்ளி மூடப்பட்ட பின்னும் அதன் பெயர் தமிழ்மொழி நிலையமாக வாழ்கிறது. தைப்பூச நாளில் சாலையோரம் எழும் தண்ணீர்ப் பந்தல் இவை எல்லாவற்றினும் எளிய சான்று. அங்கே நீர் வார்ப்பவர் பெயரை எவரும் கேட்பதில்லை, மணிக்கணக்கும் எழுதப்படுவதில்லை. 2015 இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கும் பணி நிறைவேறியபோதும் தன்னார்வலர் பலரின் தமிழறிவே அதற்குத் துணையாயிற்று.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மறுப்புரைப்போர் கூறுவனவற்றையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். தொண்டினை இனவாரியாகப் பிரிப்பது பல்லின நாட்டுக்கு ஒவ்வாது என்பது முதல் மறுப்பு. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் தமிழ் மாணவன் தமிழரிடம் மட்டும் செல்ல வேண்டும் என்பது இங்கு கருத்தன்று. ஒரே குழுவில் சீன, மலாய், தமிழ் மாணவர் சேர்ந்து செல்லும்போது, தமிழ் மூதாட்டிக்கும் தன் தோழர்க்கும் இடையே தமிழ் மாணவன் மொழிப்பாலமாகலாம். அடுத்த கட்டிலில் ஹொக்கியன் பேசும் தாத்தாவிடம் சீன மாணவன் அப்பணியைச் செய்வான். தம்மொழியின் பயனை உணர்ந்தவரே பிறமொழியின் பெருமையையும் உணர்வர்.

முதியோரின் துயரைத் துருவிக் கேட்பது நாகரிகமாகுமா என்பது இரண்டாவது மறுப்பு. துருவுதல் வேறு, கேட்டல் வேறு. வினாப் பட்டியலோடு சென்று குறிப்பெடுத்து வருவது துருவுதல். அவர் சொல்ல விரும்பியதைச் சொல்லும்வரை பொறுத்திருப்பது கேட்டல். முதல் நாளே அழவைக்கும் கதையை எதிர்பார்க்கும் ஆசிரியர் மாணவனைத் துருவுவோனாக்கி விடுவார்.

தமிழாசிரியர்க்கு நேரமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. இது உண்மையே. ஆயினும் புதிய சுமை ஏதும் இங்கே கோரப்படவில்லை. பள்ளி எவ்வாறேனும் நடத்தும் திட்டத்தில் நாற்பது மாணவர் ஒரே நாளில் சென்று திரும்புவதற்கு மாற்றாக, இருவர் இருவராக ஒரே முதியவரிடம் ஒரு பருவத்தில் நான்கு முறை செல்ல ஏற்பாடு செய்யலாம். கேட்ட சொற்களுள் புதியனவற்றை ஏட்டில் குறிக்கச் செய்யலாம். எழுதுவதற்குரிய பாட வேளை முன்னரே இருக்கிறது. எழுதுவதற்குரிய பொருளே இதுகாறும் இல்லாதிருந்தது.

முடிவுரை

கல்வி பற்றிய அதிகாரங்களை 40 ஆம் எண்ணில் தொடங்கிய வள்ளுவர், கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்து 42 ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். நூலால் பெறும் அறிவுக்குப் பின் செவியால் பெறும் அறிவு வருகிறது. தொண்டுத் திட்டத்தில் விடுபட்டிருப்பது இக்கேள்வியே. கை கொடுக்கக் கற்ற மாணவனுக்குச் செவி கொடுக்கவும் கற்பித்தல் வேண்டும். அதற்குரிய மொழியைக் கற்பிப்போர் தமிழாசிரியராதலின், அக்கடமையில் பெரும்பங்கு அவரையே சாரும்.

ஒரு திட்டம் உண்மையில் கற்பித்ததா என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. மாணவன் எழுதிய கட்டுரையை, அதில் இடம்பெற்ற மூதாட்டியின் முன் அமர்ந்து அவன் படித்துக் காட்ட இயலுமா? மகிழ்ச்சிக் கடலில் மூழ்கிய கட்டுரையாயின் அவன் நாணுவான். அவரும் தம்மை அதில் காணமாட்டார். அவர் சொன்ன சொல்லும், பெற்ற பிள்ளைகளும், உழைத்த இடமும் அதில் இருந்தால், நடுவே குறுக்கிட்டு, 'அது அந்த வருசம் இல்லை தம்பி, அதுக்கு முந்தின வருசம்' என்று அவர் திருத்துவார். ஆசிரியரின் சிவப்பு மையைவிட மதிப்புடையது அத்திருத்தம். அதனைப் பெற்றுவந்த மாணவன் எத்தனை மணி நேரம் தொண்டு செய்தான் என்று எவரும் கேட்கத் தேவையிராது.